நான்காம் மாடியில் முப்பத்தேழு ஜோடிக் கால்கள்

அமெரிக்காவில் பத்து நாள் இருந்தோம். அநேகமாகப் பத்து நாளும் சிகாகோவில் ஒரு பெரிய கடையின் நான்காம் மாடியில்தான் கழிந்தது. அந்த தேசத்தைப் பற்றி எனக்குத் தெரிந்தது எல்லாம் அந்த மாடிக்கு ஏறி வந்தவைதான். திரும்பி வந்ததும், மாதுங்காவில் என்னோடு படித்த தோழிகள் நயாகரா எப்படி இருந்தது என்று கேட்டார்கள். நான் பார்க்கவில்லை. ஆனால் அமெரிக்கர்களின் கால் எப்படி இருக்கும் என்று என்னைவிட நன்றாகத் தெரிந்த பெண் பம்பாயில் இருக்க மாட்டாள்.

போன காரணத்தை முதலில் சொல்லிவிடுகிறேன். தாராவியில் எங்கள் வாப்பாவுக்குச் செருப்புக் கார்கானா இருக்கிறது. பத்தொன்பது பேர் வேலை செய்கிறார்கள், எல்லோரும் திருநெல்வேலிப் பக்கத்து ஆட்கள். மழை பிடித்தால் பம்பாயில் யாரும் தோல் செருப்பு வாங்குவதில்லை. ரப்பர் செருப்பு வந்த பிறகு வெயிலிலும் அதிகம் வாங்குவதில்லை. வருஷா வருஷம் ஜூன் பிறந்ததும் பாதிப் பேரை ரயில் ஏற்றி ஊருக்கு அனுப்புவோம். போன மழைக்குப் பன்னிரண்டு பேர் போனார்கள். அடுத்த மழைக்கு எல்லோரையும் அனுப்பிவிட்டுக் கதவைச் சாத்த வேண்டியதுதான் என்று வாப்பா உம்மாவிடம் சொல்லிக்கொண்டிருந்தார்.

அப்போதுதான் மிஸஸ் ஹோல்ம் என்ற அமெரிக்க அம்மாள் வந்தாள். சிகாகோ கடைக்காக ஊர் ஊராகப் போய்ச் சரக்கு வாங்குவது அவள் உத்தியோகம். அவளுடைய டாக்ஸிக்காரன் தாராவிக்குள் வர மறுத்துவிட்டான். அவள் சாக்கடைப் பலகைகளைத் தாண்டி நடந்தே வந்தாள், வாப்பா அவள் காலைத் தாளில் வரைந்தார், சாயங்காலத்துக்குள் ஒரு ஜோடி தைத்துக் கொடுத்தார். ஆறு மாதம் கழித்துக் கடிதம் வந்தது. கடையில் இந்திய விழா நடக்கப்போகிறது, வாப்பா வந்து ஜனங்கள் முன்னால் செருப்புத் தைத்துக் காட்ட வேண்டும், செலவு கடையுடையது, நன்றாகப் போனால் வருஷம் முழுவதும் ஆர்டர் என்று எழுதியிருந்தது. ரூபாயின் மதிப்பைக் குறைத்த மறுவருஷம் அது. டாலர் என்ற சொல்லுக்கே கார்கானாவில் வேலையை நிறுத்திவிட்டுத் திரும்பிப் பார்ப்பார்கள்.

வாப்பா பள்ளிக்கூடம் போனதில்லை. உம்மாவும் போனதில்லை. எங்கள் குடும்பத்தில் பள்ளியை முடித்துக் கல்லூரிக்குள்ளும் கால் வைத்தவள் நான்தான். அதனால் இங்கிலீஷ் பேச நானும் போக ஏற்பாடாயிற்று. கல்யாணமாகாத பெண்ணைக் கடல் தாண்டி அனுப்புவதா என்று திலக் நகரிலிருந்து பெரியவாப்பா வந்து கேட்டார். "நான் போற எடத்துக்கு என் வாய் வரவேண்டாமா?" என்று வாப்பா கேட்டார். பெரியவாப்பா தேநீர் குடித்துவிட்டுப் போனார்.

என்ன சரக்கு கொண்டுபோவது என்பதை வாப்பா என்னிடமே விட்டுவிட்டார். சந்திரனுக்கு ஆள் அனுப்பத் தயாராகிற தேசத்துக்கு முரட்டுத் தோலையும் மெழுகு நூல் தையலையும் எடுத்துப் போவதா? மிஷினில் தைத்தது, பளபளக்கும் மேல்பூச்சு உள்ளது, தங்க வார் வைத்தது, ரெக்ஸின் உள்துணி போட்டது என்று இரண்டு பெட்டி நிறைய நானே பொறுக்கி அடுக்கினேன். தோல் வெட்டும் ராம்பிக் கத்தியும் குத்தூசியும் நாலு சுருள் தோலும் மிஸஸ் ஹோல்ம் வற்புறுத்தி எழுதியதால் மட்டும் ஒரு மூலையில் வைத்தேன். வாப்பாவுக்கு டெரிலின் சூட்டு. எனக்கு மூன்று நைலான் புடவைகள். எங்கள் சந்தில் நைலான் புடவை அதுதான் முதல்.

விழா தொடங்கிய முதல் நாள் வெள்ளிக்கிழமை. நான்காம் மாடியில் ஒட்டுப்பலகையில் ஓர் அரண்மனை வாசல் கட்டியிருந்தார்கள். பக்கத்தில் சுண்ணாம்பு யானை நின்றது. எங்கள் இருவரையும் பார்த்ததும் மிஸஸ் ஹோல்மின் முகம் கொஞ்சம் இறங்கியது. டெரிலின் சூட்டை ஒரு முறை பார்த்தாள், என் புடவையைத் தொட்டுப் பார்த்தாள், மிக நேர்த்தி என்றாள். பிறகு ஒரு பொட்டலத்தைப் பிரித்தாள். வாப்பாவுக்கு ஒரு சிவப்புத் தலைப்பாகை, எனக்கு ஒரு கைத்தறிப் புடவை. வாப்பா தரையில் விரிப்பில், வெறுங்காலோடு உட்கார்ந்தால் நன்றாக இருக்கும் என்றாள்.

"தலையில என்னத்தக் கட்டுனா செருப்பு நல்லா வருமாம்? கேளு அவளை" என்றார் வாப்பா. "கம்பெனி முதலாளின்னு மாலை போட்டு அனுப்பியிருக்கானுவ. தரையில உக்காரவா வந்தேன்?"

வாப்பாவுக்குத் தலைவலி, மூட்டுவலியும் உண்டு என்று நான் மொழிபெயர்த்தேன். அமெரிக்காவில் ஒரு பொய் சொன்னால் அதைக் கவனிக்க ஆள் வந்துவிடும் என்று எனக்குத் தெரியாது. கால் மணி நேரத்தில் கடையின் நர்ஸ் வந்தாள். தலைக்கு இரண்டு மாத்திரை கொடுத்தாள். மூட்டுக்கு ஒரு மின்சார விளக்கைச் சக்கர வண்டியில் தள்ளிக்கொண்டு வந்து, தினமும் காலையில் இருபது நிமிஷம் சூடு காட்டச் சொன்னாள். வாப்பாவுக்கு அந்த விளக்கு பிடித்துப்போயிற்று. மூன்றாம் நாளிலிருந்து நர்ஸ் வரத் தாமதமானால் அவரே கேட்க ஆரம்பித்தார்.

தொழுகைக்குக் குளிர்பெட்டிகள் அடுக்கிய கிடங்கில் இடம் கொடுத்தார்கள். மக்கா இருக்கும் திசை, கிப்லா, எந்தப் பக்கம் என்று கேட்டதற்கு, ஆறாம் மாடியில் கூடார சாமான் விற்கும் பகுதியிலிருந்து ஒரு திசைகாட்டியும், புத்தகப் பகுதியிலிருந்து ஓர் உருண்டைப் பூகோளமும், இரண்டுக்கும் சேர்த்து ஒரு பையனும் வந்தார்கள். மூவரும் கலந்து வடகிழக்கு என்றார்கள். நாற்பது வருஷம் மேற்கே பார்த்துத் தொழுத வாப்பா அந்தப் பையனின் முகத்தைக் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு விரிப்பைத் திருப்பிப் போட்டார்.

அன்றைக்கும் மறுநாளும் எங்கள் செருப்பு ஒன்றுகூட விற்கவில்லை. நான் ஒலிபெருக்கி முன் நின்று அசோகரையும் அணைக்கட்டுகளையும் பற்றி, பம்பாயிலேயே எழுதி மனப்பாடம் செய்த சொற்பொழிவைச் செய்தேன். கேட்டவர்கள் வீட்டில் யானை இருக்கிறதா என்று விசாரித்தார்கள். டிரான்சிஸ்டர் இருக்கிறது என்றேன். அதில் யாருக்கும் ஆர்வமில்லை.

எங்களுக்கு எதிரே காகிதத்தில் தைத்த கவுன் விற்றார்கள். நிஜமாகவே காகிதம். ஒரு முறை போட்டுக்கொண்டு எறிந்துவிட வேண்டும். அங்கே எந்த நேரமும் கூட்டம். காகிதக் கவுனோடு வந்த ஓர் இளம்பெண் தங்க வார் செருப்பைத் தூக்கிப் பார்த்து எத்தனை நாள் உழைக்கும் என்று கேட்டாள். பத்து வருஷம் என்று பெருமையாகச் சொன்னேன். அவள் பயந்துபோய் அதைக் கீழே வைத்துவிட்டாள்.

தங்கின விடுதியில் வாப்பா காகிதக் கோப்பைகளில் காபி குடித்துவிட்டுக் கழுவி வரிசையாகக் கவிழ்த்து வைப்பார். அறையைப் பெருக்க வரும் பெண் அவற்றை எடுத்து எறிவாள். பத்து நாளும் இருவரும் சளைக்கவில்லை. சாப்பாடு அவித்த முட்டை, ரொட்டி, மீன், மசித்த உருளைக்கிழங்கு. அறுத்தது எப்படி என்று தெரியாத இறைச்சி பக்கமே போகவில்லை. உம்மா கொடுத்தனுப்பிய மாசிக் கருவாட்டுப் பொடியை உருளைக்கிழங்கின்மேல் தூவி வாப்பா ஒரு கவளம் வாயில் போட்டுவிட்டு, "இப்பத்தான் சோறாயிருக்கு" என்றார். பக்கத்து மேஜைக்காரர்கள் வேறு மேஜைக்குப் போனார்கள்.

சனிக்கிழமை மாலை ஒரு விபத்து. கடையில் மாடிப்படி தானாக ஓடும். நான் ஒரு படியில் ஏறி நின்று மேலே போய்க்கொண்டிருந்தேன். என் நைலான் புடவையின் ஓரம் படியின் பல்லுக்குள் போய்விட்டது. நான் மேலே போகப் போகப் புடவை கீழேயே நின்றது. யாரோ ஒருவர் சிவப்புப் பொத்தானை அமுக்கினார். கடையின் எல்லா மாடிப் படிகளும் நின்றன. தச்சர் போல இடுப்பில் ஆயுதப் பட்டை கட்டிய ஒருவர் வந்து கத்தரித்து என்னை விடுவித்தார். மறுநாளிலிருந்து நான் மிஸஸ் ஹோல்ம் கொடுத்த கைத்தறியைக் கட்டினேன். அவள் மிகவும் வருத்தப்பட்டாள், ஆனால் சந்தோஷமாக வருத்தப்பட்டாள்.

அன்றிலிருந்து லிஃப்டில்தான் போனேன். அதை ஓட்டினவள் டெல்லா என்ற கறுப்பினப் பெண். வெள்ளைக் கையுறை போட்டு, சின்ன மடக்கு முக்காலியில் உட்கார்ந்து, ஒவ்வொரு மாடியிலும் என்ன கிடைக்கும் என்று பாட்டுப் போலச் சொல்வாள். மற்ற மூன்று லிஃப்டுகளும் பொத்தானை அமுக்கினால் தானாகப் போகிறவையாக மாறிவிட்டன. இதுவும் அடுத்த மாதம் மாறுகிறதாம், அதோடு அவள் வேலையும் போகிறதாம். அவள் தாயார் காலத்தில் இந்தக் கடையில் கறுப்பினத்தவரைச் செருப்பைப் போட்டுப் பார்க்கக்கூட விட மாட்டார்களாம். காலை அட்டையில் அளந்து கொண்டுவந்து காட்டி, கொடுத்ததை வாங்கிப் போக வேண்டும்.

"இப்போது எல்லா மாடியிலும் எதை வேண்டுமானாலும் போட்டுப் பார்க்கலாம்" என்றாள் டெல்லா. "நான் வீட்டுக்குப் போகிற நாளில் கதவைத் திறந்துவிட்டார்கள்."

ஞாயிற்றுக்கிழமை கடை விடுமுறை. மிஸஸ் ஹோல்ம் தன் வீட்டுக்கு அழைத்துப் போனாள். ஊருக்கு வெளியே ஒரே அச்சில் வார்த்தது போல வீடுகள். இரண்டு கார், இரண்டு டெலிவிஷன், துணி துவைக்க ஒரு மிஷின், உலர்த்த இன்னொன்று. அவள் புருஷன் தோட்டத்தில் அடுப்பு மூட்டி எங்களுக்காக மீன் சுட்டார். சமையலறை முழுக்க அடுப்பு வைத்துக்கொண்டு வாசலில் நின்று புகையில் இருமினார். சாப்பிடும்போது டெலிவிஷனில் வியட்நாமில் ஒரு கிராமம் எரிந்தது. யாரோ எழுந்து போய்ச் சத்தத்தைக் குறைத்தார்கள்.

அவர்களுடைய மகன் பீட்டர், கல்லூரிப் பையன், தோளைத் தொடும் தலைமுடியோடும் வெறுங்காலோடும் வந்தான். வாப்பாவுக்கு மனசு கேட்கவில்லை.

"இவ்வளவு இருக்குற வீட்டுல பிள்ளைக்குச் செருப்பு இல்லையா? கேளுளா."

செருப்பு பதினொரு ஜோடி இருக்கிறதாம். பீட்டர் அவற்றைப் போடுவதை விட்டுவிட்டானாம். அப்பாவுடைய இன்ஷூரன்ஸ் தொழில் அவனுக்கு வேண்டாமாம். தாராவிக்கு வந்து எங்களோடு எளிமையாக வாழ்ந்து செருப்புத் தைக்கக் கற்றுக்கொள்ள வேண்டும் என்றான். நான் இதை வாப்பாவுக்குச் சொன்னேன்.

வாப்பா யோசித்துவிட்டு, "காலையில குழாயடியில யார்ட்ட சண்ட போடுவாரு இவரு?" என்றார்.

வாப்பா உன்னை வரவேற்கிறார் என்று மொழிபெயர்த்தேன். மிஸஸ் ஹோல்ம் என்னைக் கூர்ந்து பார்த்தாள்.

வாப்பா ஒரு பழுப்புத் தாளைக் கேட்டு வாங்கிச் சமையலறைத் தரையில் விரித்தார். பையனை அதன்மேல் நிற்கச் சொல்லி, சூட்டோடு குந்தி உட்கார்ந்து, பென்சிலால் காலைச் சுற்றி வரைந்தார். பிறகு புறங்காலைச் சுற்றி நூலை வைத்து முடிச்சுப் போட்டார். தாளில் இருப்பது காலின் நிழல்தான், நூலில்தான் கால் இருக்கிறது என்பது எங்கள் கார்கானாவில் எல்லோரும் சொல்கிற பேச்சு. மூட்டுவலி எங்கே போயிற்று என்று மிஸஸ் ஹோல்ம் கேட்டாள். விளக்கின் குணம் என்றேன்.

திங்கட்கிழமை வாப்பா முரட்டுத் தோலில், கையால், பீட்டருக்கு ஒரு ஜோடி தைத்தார். செவ்வாய்க்கிழமை அவன் பத்துப் பன்னிரண்டு பேரைக் கூட்டிக்கொண்டு வந்தான். எல்லோரும் டாக்டர், வக்கீல் வீட்டுப் பிள்ளைகள், எல்லோரும் வெறுங்கால். வாப்பாவின் மேஜைக்கு முன்னால் தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்துவிட்டார்கள். கால் வரையத் தரைக்கு இறங்கின வாப்பா மேஜைக்குத் திரும்பவில்லை. கோட்டைக் கழற்றி யானைத் தும்பிக்கையில் மாட்டினார். தலைப்பாகை மட்டும் கடைசிவரை பொட்டலத்திலேயே இருந்தது.

தரையில் இவ்வளவு பேர் உட்கார்ந்தால் அமெரிக்கர்கள் என்னவென்று பார்க்க வருவார்கள். பார்க்க வந்தவர்கள் வரிசையில் நின்றார்கள். பாங்க் அதிகாரி வந்தார். காகிதக் கவுன் விற்கும் பெண்கள் வந்தார்கள். டெல்லா தன் இடைவேளையில் வந்து தயங்கி நின்றாள். சீருடைச் செருப்புக்குள் இறுகி அவள் கட்டைவிரல் எலும்பு வெளியே பிதுங்கியிருந்தது. வாப்பா அந்த எலும்பைக் கட்டைவிரலால் தடவிப் பார்த்துத் தாளில் அரை வட்டம் போட்டார். அவளுக்கு அடுத்து நின்ற வெள்ளைக்கார அம்மாள் தனக்குப் புதுத் தாள் வேண்டும் என்றாள். எல்லோருக்கும் புதுத் தாள்தான் போட்டுக்கொண்டிருந்தோம். மாதுங்காவில் சில வீடுகளுக்கு நாங்கள் தைத்த செருப்பைக் கொண்டுபோனால், தூர வைக்கச் சொல்லிக் காசைத் தரையில் போடுவார்கள். அந்த அம்மாளின் குரலை நான் உடனே அடையாளம் கண்டுகொண்டேன். டெல்லாவும் கண்டுகொண்டாள். எங்கள் இருவருக்குள் மொழிபெயர்ப்பு தேவைப்படவில்லை.

புதன்கிழமை மாலைக்குள் முப்பத்தேழு ஜோடிக்கு அளவு எடுத்தாயிற்று. கடை பணம் வாங்கி ரசீது கொடுத்துவிட்டது. சனிக்கிழமை வந்து செருப்பை வாங்கிக்கொள்ளலாம் என்று சொல்லி அனுப்பினோம். மிஸஸ் ஹோல்ம் கன்னம் சிவந்து ஓடியாடினாள். சனிக்கிழமை கடையின் துணைத் தலைவரே இறங்கி வந்து பார்க்கப் போகிறார், பார்த்துவிட்டு அன்றைக்கே ஆர்டரை முடிவு செய்வார் என்றாள். நான் அன்றிரவே உம்மாவுக்கு, இந்த மழைக்கு யாரும் ரயில் ஏற வேண்டியிருக்காது என்று கடிதம் எழுதினேன். நல்லவேளையாகத் தபால்தலை வாங்கியிருக்கவில்லை.

விடுதியில் இரவும் உட்கார்ந்து தைத்து, வியாழக்கிழமை மத்தியானம் வாப்பா இருபது ஜோடியை முடித்து அடுக்கியிருந்தார். மிஸஸ் ஹோல்ம் ரசீதுப் பட்டியலோடு வந்து, இதில் மிஸஸ் கார்வர் ஜோடி எது என்று கேட்டாள். நான் தாள்களைப் புரட்டினேன். முப்பத்தேழு தாளிலும் கால் இருந்தது, நூல் குத்தியிருந்தது. ஒரு தாளிலும் பெயர் இல்லை.

தாராவியில் யாரும் தாளில் பெயர் எழுதுவதில்லை. எழுதத் தெரிந்தவர்களும் இல்லை, எழுத வேண்டிய தேவையும் இல்லை. கால்காரன் அதே சந்தில்தான் இருப்பான். இங்கே எழுத வேண்டியவள் நான். அளவெடுத்த நேரமெல்லாம் ஒலிபெருக்கியில் அசோகரை விளக்கிக்கொண்டிருந்தேன்.

"நீ எழுதுதேன்னுல்லா நெனச்சேன்" என்றார் வாப்பா. கோபமாகச் சொல்லவில்லை.

மிஸஸ் ஹோல்ம் உட்கார்ந்துவிட்டாள். முப்பத்தேழு பேருக்கும் தொலைபேசி செய்து பணத்தைத் திருப்பிக் கொடுத்துவிடலாமா என்று கேட்டாள். அப்படிச் செய்தால் துணைத் தலைவர் பார்ப்பதற்கு ஒன்றும் இருக்காது, ஆர்டரும் இருக்காது என்று அவளே சொன்னாள். தவறு என்னுடையது என்றேன். யாருடையது என்பது இப்போது உதவாது என்றாள். நான் இதையெல்லாம் வாப்பாவுக்கு ஒன்றுவிடாமல் சொன்னேன். அவர் நூலில் மெழுகு தடவிக்கொண்டிருந்தார்.

"சனிக்கிழம கால் வரும்லா?" என்றார்.

வரும் என்றேன்.

"பொறவென்ன."

வெள்ளிக்கிழமை காற்று தென்மேற்கிலிருந்து அடித்தது. காலையில் விடுதி ஜன்னலைத் திறந்த வாப்பா மூக்கை உயர்த்தி, பக்கத்தில் மாட்டுத் தொட்டி இருக்கிறது என்றார். விசாரித்தேன். சிகாகோவில் மாடு அறுக்கும் கொட்டடிகள் பெரிது, இப்போது ஒவ்வொன்றாக மூடுகிறார்கள், வாசனை வருவதற்கு விடுதி வருந்துகிறது என்றார்கள். மாதுங்காப் பள்ளியில் வீடு எங்கே என்று கேட்டால் சயான் பக்கம் என்பேன். தாராவி என்று சொன்னால் தோல் பதனிடும் நாற்றத்தை நினைத்து மூக்கைச் சுளிப்பார்கள் என்ற பயம். அன்று காலை வாப்பா அந்தக் காற்றில் முட்டையை நிம்மதியாகச் சாப்பிட்டார். நான் சாப்பிடவில்லை.

சனிக்கிழமை பத்து மணிக்கு வரிசை லிஃப்ட் வரைக்கும் நின்றது. துணைத் தலைவர் சாம்பல் சூட்டில், கையைப் பின்னால் கட்டிக்கொண்டு ஓரமாக நின்றார். வாப்பா விரிப்பில் உட்கார்ந்து, பின்னால் முப்பத்தேழு ஜோடியையும் பரப்பியிருந்தார். செருப்பையும் காலுறையையும் கழற்றிவிட்டு ஒவ்வொருவராக வரச் சொல் என்றார். ரசீதைப் பார்க்க வேண்டாமா என்று கேட்டேன்.

"அதுல என்ன எழுதியிருக்குன்னு எனக்கு எப்படித் தெரியும்?" என்றார்.

முதலில் வந்தவர் பாங்க் அதிகாரி. காலுறையைக் கழற்றினதும் அவருக்கே கூச்சமாகிவிட்டது. இவ்வளவு செல்வமுள்ள தேசத்தில் கால்கள் மட்டும் ஏழையாக இருந்தன. கூர்முனைச் செருப்புக்குள் வருஷக்கணக்காகக் கிடந்து மீன் வயிறு போல வெளுத்து, விரல் மேல் விரல் ஏறி, ஆணி விழுந்து கிடந்தன. வாப்பா அவர் புறங்காலில் ஒரு நிமிஷம் உள்ளங்கையை வைத்தார். கையைப் பின்னால் நீட்டி ஒரு ஜோடியை எடுத்துப் போட்டார். அதிகாரி நின்று பார்த்தார், நடந்து பார்த்தார், மிஸஸ் ஹோல்மைப் பார்த்துத் தலையாட்டினார்.

ஐந்து பேர் ஆனதும் கூட்டத்தில் பேச்சு நின்றது. பத்துப் பேர் ஆனதும் மற்ற பகுதிகளிலிருந்து விற்பனைப் பெண்கள் வந்து நின்றார்கள். உங்கள் தகப்பனார் முகத்தை நினைவு வைத்திருக்கிறாரா என்று ஒருவர் கேட்டார். கேட்டேன். வெள்ளைக்காரர் மூஞ்சி எல்லாம் தனக்கு ஒரே மாதிரி இருக்கிறது, கால் அப்படி இல்லை என்று வாப்பா சொன்னார். இதை நான் மொழிபெயர்த்த விதத்தை இங்கே எழுத வேண்டாம்.

பதினெட்டாவதாக வந்த பெண் ரசீதை நீட்டிக்கொண்டே காலை வைத்தாள். வாப்பா தொட்டார், மறுபடி தொட்டார். பின்னால் திரும்பிச் செருப்புகளைப் பார்த்தார். துணைத் தலைவர் ஓர் அடி முன்னால் வந்தார்.

"இந்தக் கால் வரலயே" என்றார் வாப்பா.

நான் மெதுவாக, இந்தக் காலை வாப்பா அளக்கவில்லை என்கிறார் என்றேன். அந்தப் பெண் கழுத்துவரை சிவந்தாள். அளவு கொடுத்தது அவளுடைய அக்காவாம். அக்காவுக்குக் காய்ச்சல், ரசீதைக் கொடுத்து அனுப்பினாளாம். அக்கா காலும் இதே சாடைதான் என்று சொல்லிவிட்டு, வாப்பா அக்காவுடைய ஜோடியை எடுத்துக் காகிதத்தில் சுற்றி அவளிடம் கொடுத்தார். கூட்டம் கை தட்டியது. கை தட்டினால் என்ன செய்வது என்று தெரியாமல் வாப்பா அடுத்த காலைக் கூப்பிட்டார்.

டெல்லாவின் செருப்பில் எலும்புக்கு நேரே வாரில் ஒரு பிறைத் துண்டு வெட்டியிருந்தது. அவள் அதைப் போட்டுக்கொண்டே லிஃப்டுக்குப் போனாள். சீருடைக்கு அது பொருந்தாது என்று யாரோ சொன்னதற்கு, அடுத்த மாதம் சொல்லுங்கள் என்றாளாம்.

மத்தியானத்துக்குள் முப்பத்தேழும் முடிந்தது. ஒன்றுகூடத் தவறவில்லை.

மாலையில் துணைத் தலைவர் தம் அறைக்குக் கூப்பிட்டார். வாப்பாவின் கையைப் பிடித்து வெகுநேரம் குலுக்கினார். முப்பது வருஷமாகக் கடை நடத்துகிறேன், இப்படி ஒன்றைப் பார்த்ததில்லை, இந்த தேசம் இதைத்தான் மறந்துவிட்டது என்றார். மிஷின் தையலும் தங்க வாரும் வேண்டாம், முரட்டுத் தோல், கைத்தையல், வருஷம் முழுவதும் ஆர்டர் என்றார். எத்தனை ஜோடி என்று சொன்னார். நான் அதை வாப்பாவுக்குச் சொன்னபோது அவர் உதடு அசைந்தது. பத்தொன்பது பேரால் ஆகாது, ஊரிலிருந்து இன்னும் ஆறு பேரைக் கூப்பிட வேண்டியிருக்கும் என்று கணக்குப் போட்டுக்கொண்டிருந்தார்.

அளவுத் தாள்களைத் தபாலில் அனுப்புவார்களா, நூலும் கட்டாயம் வர வேண்டும் என்று வாப்பா சொல்லச் சொன்னார். சொன்னேன்.

துணைத் தலைவர் புன்னகை செய்தார். தாளும் நூலும் தேவைப்படாது என்றார். வாடிக்கையாளர்களுக்கு அதற்கெல்லாம் நேரமில்லை, ஒரு கோடைக்குப் போட்டுக்கொள்ளும் சாமான்தானே என்றார். சிறியது, நடுத்தரம், பெரியது. மூன்று அளவு போதும். ஆணுக்கும் பெண்ணுக்கும் அதே மூன்று.

வாப்பாவிடம் சொன்னேன். மூன்று என்று விரலைக் காட்டினேன். அவர் என் விரல்களைப் பார்த்தார், துணைத் தலைவருடைய பளபளக்கும் கூர்முனைச் செருப்பைப் பார்த்தார். இந்த தேசம் முழுமைக்குமா என்று கேட்டார். முழுமைக்கும் என்றேன். காலையில் வரிசையில் நின்றவர்களையும் சேர்த்தா என்றார். சேர்த்துத்தான் என்றேன். நான் இன்னும் ஏதாவது வாதாடட்டுமா என்று அவர் முகத்தைப் பார்த்தேன். பம்பாயில் மழைக்கு ஐந்து வாரம்தான் இருந்தது. அவர் தலையை அசைத்து, சரி என்று சொல் என்றார்.

சொன்னேன். மிஸஸ் ஹோல்ம் மூச்சு விட்டாள். துணைத் தலைவர் பேனாவைத் திறந்தார். அப்போது வாப்பா என் கையைத் தொட்டார்.

"ஒண்ணு மட்டும் கேளு. வலது காலும் இடது காலும் வேற வேறயா இருக்கலாமான்னு கேளு."

கேலியா, நிஜமா என்று அவர் முகத்தில் தேடினேன். ஒன்றும் தெரியவில்லை. வேறு ஏதாவது சொல்லிச் சமாளிக்க வாயெடுத்தேன். பிறகு அவர் சொன்னதை அப்படியே, ஒரு சொல் கூட்டாமல் குறைக்காமல் ஆங்கிலத்தில் சொன்னேன்.

துணைத் தலைவர் பேனாவை மேஜையில் வைத்துவிட்டு, செலவை நினைத்தாரோ என்னவோ, நிதானமாக யோசித்தார். இருக்கலாம் என்றார். மிஸஸ் ஹோல்ம் குறித்துக்கொண்டாள்.

அந்த மழைக்கு யாரும் ரயில் ஏறவில்லை. தாராவிக்குத் தபாலில் வந்த ஆர்டரில் தோல், தையல், மூன்று அளவு எல்லாம் வரிசையாகத் தட்டச்சு செய்திருந்தது. கடைசியில் ஒரு வரி: ஒவ்வொரு ஜோடியிலும் ஒன்று இடது காலுக்கும் ஒன்று வலது காலுக்குமாக இருத்தல் வேண்டும். அதைக் கார்கானாவில் நான்தான் உரக்கப் படித்துக் காட்டினேன்.